கொஞ்சம் கையை விடுங்கள்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்காபரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கோப்பாயில் வசிக்கும் அவருடைய தந்தைக்குப் பாரிசவாதம் வந்து ஆறு கிழமைகள் ஆகியிருந்தன. "காசைப் பார்க்கேல்லை. பகலுக்கு ஒருத்தர், இரவுக்கு ஒருத்தர் எண்டு ரெண்டு பேரைப் பிடிச்சு விட்டிருக்கிறம். தீத்தி விடுறது, கழுவி விடுறது, உடுப்பு மாத்துறது எல்லாம் அவையள்தான். அப்பாவை ஒரு விரல் அசைக்க விடுறதில்லை. ராசா மாதிரி வைச்சிருக்கிறம்" என்றார்.

அவர் குரலில் இருந்த பெருமிதம் நியாயமானதே. பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது. எனினும் நான் சொன்ன பதில் அவருக்குப் பிடித்திருக்காது. "அந்த இரண்டு பேரில் ஒருவரை நிறுத்திவிடுங்கள். மற்றவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பதற்குச் சம்பளம் கொடுங்கள்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு இருவரும் ஸ்காபரோவின் காலநிலை பற்றிப் பேசினோம்.

இப்படிச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும். 2022 மே மாதம் ஓரிரவு, வீட்டில் இருந்து அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரையொன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது வலக்கையிலிருந்து பேனை விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கை விறைத்துவிட்டது, நித்திரை கொண்டால் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டேன். பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் பாரிசவாதத்தின் அறிகுறிகளை, வாய் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல், நேரத்தைக் கடத்தாமை என்று எத்தனையோ தடவை அச்சேற்றியவன் நான். அடுத்தவனுக்கு எழுதியதை நாம் வாசிப்பதில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். நான் வைத்தியசாலைக்குப் போனது ஒன்பது மணித்தியாலங்களின் பின்னர். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால் உடலின் வலப்பக்கம் போயிற்று. எழுதுகிற கை, அத்துடன் பேச்சிலும் பாதி. எனக்கு அப்போது 54 வயது.

எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்தேன். இயன்மருத்துவர் ஒருவர், என் மகளைவிட இளையவர், நாள்தோறும் இருபது நிமிடம் வருவார். விடுதி முழுவதற்கும் அவர் ஒருவரே. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் ஐந்து மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் எல்லாம் துல்லியமாக இருந்தன. பயிற்சி பற்றி ஒரு வரி: "பயிற்சி தொடரவும்." எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு காலம்? மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதத் தெரிந்த இடத்தில் பயிற்சிக்கு ஓர் அளவு எழுதத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையின் முறைப்பாடு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கும்.

கிழமைக்கு இரண்டு நாள் கிளினிக்குக்கு வந்து பயிற்சி செய்யச் சொன்னார்கள். நாலு தடவை போயிருப்பேன். அதற்குள் நாட்டில் எரிபொருள் முடிந்துவிட்டது. ஜூன் 28இலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அரசாங்கம் அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாக ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரத் தம்பி வாசலில் வந்து நின்று, "ஐயா, மூண்டு நாள் வரிசையில நிண்டும் கிடைக்கேல்லை" என்று கையை விரித்தார். அவர் கையை விரித்ததைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. என் கை அப்போது மூடியே கிடந்தது.

கடைசியாகப் போன நாளில் அந்த இயன்மருத்துவப் பிள்ளை என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தீக்குச்சி மனிதர்களைக் கீறி எட்டுப் பயிற்சிகளைத் தந்தார். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். "ஐயா, இஞ்ச வந்து நான் செய்விக்கிற இருபது நிமிசத்தில ஒண்டும் நடக்காது. மிச்சம் இருக்கிற நேரத்தில வீட்டில என்ன செய்யிறியள் எண்டதுதான் கணக்கு" என்றார். அந்த ஒரு பக்கத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்திரிகைக்காரன் ஆகையால், அவர் சொன்னது சரியா என்று பிறகு தேடிப் பார்த்தேன். இடக்கையால் விசைப்பலகையைத் தட்டித் தேடியது அது. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சி அறைகளில் நோயாளியின் கை உண்மையில் எத்தனை தடவை ஒரு பயனுள்ள அசைவைச் செய்கிறது என்று பக்கத்தில் நின்று எண்ணியது. ஓர் அமர்வுக்குச் சராசரி 32. மூளை தன்னை மாற்றியமைத்துக்கொண்டதாகக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவைகள். முப்பத்திரண்டுக்கும் முந்நூறுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை எந்த வைத்தியசாலையும் நடந்து முடிக்கப் போவதில்லை. அது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

இறந்துபோன மூளைக் கலங்கள் மீள்வதில்லை. அவற்றின் வேலையை அயலில் உள்ளவை பழகிக்கொள்கின்றன என்பதே இன்றைய விளக்கம். பழகுவதற்கு அவற்றிடம் வேலை கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்காத வேலையை மூளை தானாகச் செய்வதில்லை. இவ்விடயத்தில் எங்கள் அலுவலகத்தின் சில மூத்த ஊழியர்களுடன் அதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு.

பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்ற கற்றலான் கவிஞரின் கதையை அப்போதுதான் வாசித்தேன். நியூயோர்க்கில் பேராசிரியராக இருந்த அவருக்கு 1959இல் கடுமையான பாரிசவாதம் வந்தது. நடக்கவோ பேசவோ முடியவில்லை. மருத்துவ மாணவனாக இருந்த அவருடைய மகன் ஜோர்ஜுக்குப் புனர்வாழ்வு பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று. குழந்தை எப்படி நடக்கப் பழகுகிறதோ அப்படியே என்று தகப்பனை நிலத்தில் தவழ விட்டான். சுவரில் தோளைச் சாய்த்து மாதக்கணக்கில் தவழ்ந்தார். முற்றத்தில் பேராசிரியரை நாய்போலத் தவழ விடுகிறான் என்று அயலவர்கள் ஏசினார்கள். வீட்டுப் பாத்திரங்களைக் கழுவுவதும் பயிற்சியாயிற்று. அவர் மீண்டும் கற்பிக்கப் போனார். பல ஆண்டுகளின் பின் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது மூளையின் சேதம் அப்படியே பெரிதாக இருந்தது. சேதம் ஆறாமலே மனிதர் ஆறியிருந்தார். இன்னொரு மகனான போல், இதைக் கண்டபின் தன் ஆராய்ச்சி வாழ்க்கையை மூளையின் இந்த இயல்பை நோக்கித் திருப்பினார்.

அயலவர்கள் ஏசிய இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. ஆனால் ஏசியது அயலவர்கள் அல்ல, என் அக்கா. நான் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து, வலக்கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு நெட்டுக்குக் கால்மணி நேரம். அக்கா என் மனைவியைப் பார்த்து, "வருத்தக்காரனைக் கொண்டு வேலை வாங்கிறியே, உனக்கு மனச்சாட்சி இல்லையா?" என்று கேட்டுவிட்டு அழுதார். மனைவி பதில் சொல்லவில்லை. அவர் கையில் கரண்டி இருந்தது. அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று கிழமையும் மனைவிதான் எனக்குச் சோறு தீத்தினார். பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். கொப்பியில் ஆறாவது தீக்குச்சி மனிதன் கரண்டி பிடித்திருந்தான். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று வைத்தியசாலையில் சோதித்துச் சொல்லியிருந்தார்கள். நிமிர்ந்து இருந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கரண்டியின் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிப்பாக்கி என் வலக்கையில் தந்தார். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. சோற்றில் பாதி மடியிலும் மிச்சப் பாதி நிலத்திலும். "தாருங்கோ, நான் தீத்தி விடுறன்" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கோபத்தில் கோப்பையைத் தள்ளிவிட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. மனைவி நிலத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் சோறு போட்டு, மறுபடியும் கரண்டியைத் தந்தார். என் நோயில் கடினமான பயிற்சியைச் செய்தவர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். உதவி செய்வது சுலபம்.

தீக்குச்சி மனிதர்களில் மிகச் சாதாரணமானவன் கதிரையிலிருந்து எழும்பி நின்று திரும்ப இருப்பவன். சுவரோடு அணைத்த, சில்லு இல்லாத, கைபிடியுள்ள கதிரை. பாதங்களைப் பின்னே இழுத்து, மூக்கு விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, நோயுற்ற காலிலும் பாரத்தைப் போட்டு எழும்ப வேண்டும். மெதுவாக இருக்க வேண்டும், விழுவதுபோல் இருக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டேன். மலசலகூடத்துக்குத் தனியே போய்வரும் சுதந்திரம் இந்த ஒரு பயிற்சியிலிருந்துதான் வந்தது. அதன் பெறுமதி அதை இழந்தவனுக்குத் தெரியும். படுக்கையில் முழங்கால்களை மடித்து இடுப்பை உயர்த்துவது இன்னொன்று. மேசையில் துவாயை விரித்து அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளுவது வேறொன்று. சேட் போடும்போது நோயுற்ற கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பது. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சோர்ந்த கால் முன்னே. இவற்றை யாரும் சொல்லித் தராவிட்டால் ஒருவர் எத்தனை தடவை விழுந்து இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்!

விரல்கள் சிறிது அசையத் தொடங்கியபின் நல்ல கையைக் கட்டிப்போடும் முறையைச் செய்தோம். எட்வேட் டௌப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளில் தொடங்கிய ஆராய்ச்சி அது. அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதம் பற்றி 1981இல் எழுந்த வழக்கு அந்நாட்டில் மிருகவதைக்கு எதிரான இயக்கத்தையே வளர்த்தது என்பது வேறு கதை. அவர் கண்டது இதுதான்: நோயுற்ற கை முடியாமல் மட்டுமல்ல, முயன்று தோற்றுத் தோற்று மறந்தும் போகிறது. நல்ல கையைத் தடுத்தால் மற்றது வேலைக்கு வருகிறது. 2006இல் 222 பேரை வைத்து வெளியான பெரிய ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் மணிக்கட்டிலும் விரலிலும் ஓரளவு அசைவு திரும்பியவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ஒன்றுமே அசையாதவரின் நல்ல கையைக் கட்டுவது கொடுமை. எனக்குக் கட்டியது அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் துணிக் கையுறை. அதோடு வாசலுக்குப் போய்த் தபால்காரரிடம் கடிதம் வாங்கியிருக்கிறேன்.

இனிப் பிழைகள். வந்து பார்த்தவர்களில் மூன்று பேர் எனக்கு ரப்பர் பந்து கொண்டுவந்தார்கள். நசுக்கு நசுக்கு என்றார்கள். என் விரல்கள் ஏற்கனவே மடங்கி இறுகியிருந்தன. மூடும் கைக்கு மூடப் பழக்குவதில் பொருளில்லை, திறக்கப் பழக வேண்டும் என்று இயன்மருத்துவர் அந்தப் பந்துகளை அயற்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் அன்போடு மாமரக் கிளையில் கப்பி கட்டித் தந்தார். நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டுமாம். தசை சோர்ந்த தோள் மூட்டு ஏறக்குறைய தொங்கிக்கொண்டிருக்கும் ஒன்று; அதை அப்படி இழுத்தால் நோவுதான் மிஞ்சும். எழுப்பிவிடுவதற்காக அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும் அதே வகை. எண்ணெய் தேய்ப்பதற்கு நான் எதிரியல்லன். இதமாக இருக்கும். ஆனால் தேய்ப்பவரின் கைதான் பயிற்சி செய்கிறது.

விரைவாகத் தொடங்கினால் விரைவாகக் குணமாகும் என்பதும் முழு உண்மையல்ல. 2015இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வு, முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நிறுத்தித் தீவிரமாக நடக்க வைத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆகவே எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மறுபக்கம், ஆறு மாதத்துக்குப் பின் இனி ஒன்றும் இல்லை என்று கையை விரிப்பதும் பிழை. முதல் மூன்று நான்கு மாதங்களில் ஏற்றம் செங்குத்து, பிறகு சரிவு குறைவு, ஆனால் ஏற்றம்தான். என் சுட்டுவிரல் விசைப்பலகையில் எழுத்தைத் தேடிப் பிடித்தது பதினோராவது மாதத்தில்.

பேச்சுக்கு நான் தேர்ந்தெடுத்த பாடநூல் எங்கள் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கம். சிரிக்க வேண்டாம். பிறந்த இடம், வாழ்ந்த இடம், மூன்று நாடுகளில் பிள்ளைகள், மைத்துனர், சகலன், பூட்டப்பிள்ளைகள் என்று ஒரு மூச்சில் வாசிக்க முடியாத வாக்கியங்கள் வேறெங்கும் இல்லை. காலை ஏழு மணிக்கு விறாந்தையில் இருந்து உரத்து வாசிப்பேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆர் தம்பி செத்தது?" என்று கேட்டார். மனைவி அன்றோடு என்னை விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றினார்.

சிரிப்பில்லாத நாள்களும் இருந்தன. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இதை வீட்டார் சோம்பல் என்பார்கள், வீம்பு என்பார்கள். எனக்கு நாலாம் மாதத்தில் வந்தது. கொப்பியைத் திறக்கவே பிடிக்கவில்லை. அதற்கு மருந்து உண்டு, நான் எடுத்தேன். பயிற்சி செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரை ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு முக்கிய சாட்சியத்தை மறைத்தால் அது ஊடக தர்மமாகாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தவருக்கே பயிற்சி தந்து வீட்டில் செய்விக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தின் பின், இறந்தோ பிறரில் தங்கியோ இருந்தவர்கள் 47 வீதம். வழமையான கவனிப்புப் பெற்றவர்களிலும் 47 வீதம். வித்தியாசமே இல்லை. வீட்டுப் பயிற்சி வீண் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. இயன்மருத்துவரின் வேலையை மனைவியின் தலையில் கட்டி அரசாங்கம் செலவை மிச்சம் பிடிக்க முடியாது என்றே வாசிக்கிறேன். பயிற்சி பெற்ற குழு வைத்தியசாலையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, தானே வீடு தேடி வந்து பயிற்சியைத் தொடரும் முறை வேறு. மேற்குநாடுகளில் செய்யப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிப்பு மிதமானவர்களில் பிறரில் தங்கியிருப்பது அதனால் குறைந்தது தெரிந்தது.

வீடு தேடி வருவது இந்த நாட்டுக்குப் புதிதா? 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து மருத்துவமாது ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்த நாடு இது. போர்க்காலத்திலும் சைக்கிளில் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தாய் சேய் மரணத்தில் பணக்கார நாடுகளோடு ஒப்பிடும் நிலைக்கு நாம் வந்ததற்கு அந்தச் சைக்கிள்கள் ஒரு காரணம். இன்று எங்கள் ஒழுங்கைகளில் கர்ப்பிணிகளைவிட வயோதிபர்கள் அதிகம், பிள்ளைகள் வெளிநாட்டில். கிழமைக்கு ஒரு தடவை ஒருவர் வந்து, தோளைப் பார்த்து, கதிரையின் உயரத்தைப் பார்த்து, எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துவிட்டுப் போனால் போதும். என் வீட்டுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. அட்டையில் அந்த ஒரு வரியை எழுதியவரைவிட, அவருக்கு அதற்கு மேல் எழுத நேரம் தராத ஒழுங்கையே நான் குறை சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகள் ரொறன்ரோவில் இரவு வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் காணொளி அழைப்பில் வருவாள். சுகம் கேட்க மாட்டாள். "அப்பா, எழும்புங்கோ. ஒண்டு..." என்று எண்ணத் தொடங்குவாள். நான் ஆறில் நின்றுவிட்டு எட்டு என்பேன். "கள்ளம்" என்பாள். அவள் அனுப்பிய காசில் நாங்கள் வாங்கியது கைபிடியுள்ள கதிரை ஒன்றும் மலசலகூடச் சுவரில் பிடித்தெழும்ப ஓர் இரும்புக் குழாயும் மட்டுமே.

என் கையெழுத்து திரும்பவில்லை. கையொப்பத்தை வங்கி மூன்று தடவை நிராகரித்து இப்போது பெருவிரல் அடையாளம் வைக்கிறேன்; கலைமாணிப் பட்டதாரி. இந்தக் கட்டுரையை வலக்கையின் இரண்டு விரலாலும் இடக்கையின் ஐந்தாலும் நான்கு நாளில் அடித்தேன்.

ஸ்காபரோ நண்பர் போன கிழமை மறுபடியும் அழைத்தார். கோபமாகவே தொடங்கினார். என் பேச்சைக் கேட்டு வேலைக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். தகப்பன் ஆறிய தேநீரைத் தானே எடுத்து மேலெல்லாம் ஊற்றிக்கொண்டாராம். பார்த்துக்கொண்டு நின்ற தங்கச்சி அழுதுகொண்டு அழைத்தாளாம்.

"எவ்வளவு ஊற்றினார்?" என்று கேட்டேன்.

"அரைக் கோப்பை இருக்கும்."

"மற்ற அரை?"

சற்று யோசித்தார். "அதைக் குடிச்சவர்" என்றார்.